நெல்லிக்கனியும் பால்புழுவும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்துக்கு வந்து சேரும்போது யாருக்கும் மூச்சுவிட நேரமிருப்பதில்லை. திருப்புதல் தேர்வு நெருங்கியிருக்கும். லாமார்க், டார்வின், அமைப்பு ஒத்த உறுப்பு, செயல் ஒத்த உறுப்பு என்று ஒரு மதிப்பெண் வினாக்களாகவே பாடம் ஓடிவிடும். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, ஒகேனக்கல்ல இருக்கிற குரங்கெல்லாம் ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?” என்பான். வகுப்பே சிரிக்கும். மணியும் அடித்துவிடும்.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, 2023 ஏப்ரலில் 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். நம் பாடநூலில் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லாமல் மணி அடிக்கவிட்டால், பாடம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

இந்த இதழின் யோசனை இது: மனிதப் பரிணாமத்தை மண்டையோட்டுப் படங்களில் தொடங்க வேண்டாம். ஒரு வைரஸில் தொடங்குவோம், பழுதான ஒரு மரபணுவில் முடிப்போம். தருமபுரி மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

முதலில் வைரஸ். அதை நம் பள்ளி நுண்ணோக்கியில் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டு, படம் வரையச் சொல்வதுதான் வழக்கம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயி எவரையும் கேளுங்கள், பால்புழு நோய் தெரியும் என்பார். நோய் கண்ட புழு இலை தின்னாது. உடல் வளையங்களுக்கு இடையே தோல் வீங்கிப் பளபளக்கும். ஓரிடத்தில் நிற்காமல் படுக்கையின் விளிம்பிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். காலொன்று முறிந்தால் பால் போலத் திரவம் வடியும். அதில் ஒரு சொட்டைச் சிலைடில் வைத்து 40 மடங்கு பொருளருகு லென்ஸில் பாருங்கள். பலமுகம் கொண்ட படிகங்கள் மின்னும். அவை வைரஸ் தன் துகள்களை உள்ளே வைத்துக் கட்டிக்கொண்ட புரதக் கட்டிகள். தனி வைரஸ் தெரியாது, அது குடியிருக்கும் வீடு தெரியும். பூச்சிகளை மட்டுமே தாக்கும் வைரஸ் என்பதால் மாணவர்களுக்கு ஆபத்தில்லை. புழுக்களுக்கு உண்டு. சிலைடையும் புட்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவையுங்கள். புழு வாங்கிய கையோடு இன்னொரு வளர்ப்பு மனைக்குள் நுழையாதீர்கள்.

அந்தப் புழு ஏன் நிற்காமல் ஊர்கிறது? 2005இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தை வைரஸின் ஒரு மரபணுவில் கண்டது. அந்த மரபணுவை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்களிடம் அந்த அலைச்சல் இல்லை. அது வைரஸின் சொந்தச் சொத்தும் அல்ல. எப்போதோ ஒரு பூச்சியிடமிருந்து வைரஸ் எடுத்துக்கொண்டது என்றே கருதப்படுகிறது.

மரபணு எதிர்த்திசையிலும் போகும். மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 8 விழுக்காடு, பழங்காலத்தில் நம் முன்னோரின் இனச்செல்களில் புகுந்த ரெட்ரோ வைரஸ்களின் எச்சம். பெரும்பாலானவை செயலிழந்து கிடக்க, சில வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. தாய்சேய் இணைப்புத்திசுவில் செல்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் சின்சிட்டின் புரதம் வைரஸ் மரபணுவிலிருந்து வந்தது. சின்சிட்டின்-2 மரபணு நம்மிடம் எந்த இடத்தில் இருக்கிறதோ, குரங்குகளிடமும் அதே இடத்தில் இருக்கிறது. இருவேறு விலங்குகளில் ஒரே வைரஸ் தனித்தனியாக அதே இடத்தில் போய் உட்கார்ந்தது என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். பொது மூதாதையிடம் ஒரு முறை நுழைந்தது என்றால் கணக்கு எளிதாகத் தீர்ந்துவிடும்.

அடுத்தது நெல்லிக்கனி. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரியல் ஆசிரியர் அதே கதையில் வேறொன்று கேட்கலாம்: ஆடு நெல்லிக்காய் தின்னாவிட்டால் அதற்கு ஸ்கர்வி வருமா? வராது. ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சி-யைக் கல்லீரலில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கான நொதியைத் தருவது குலோ என்ற மரபணு. நம்மிடமும் அது இருக்கிறது, ஆனால் உடைந்து. பல எக்ஸான்கள் காணாமல் போய், எச்சம் மட்டும் குரோமோசோமில் கிடக்கிறது. ஒகேனக்கல்லில் பயணிகளின் பையைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கின் மக்காக் இனத்திலும் பெரும்பாலும் நம்மைப் போலவே உடைந்திருக்கிறது. தேவாங்கு வகையறாவில் மட்டும் குலோ இன்னும் வேலை செய்கிறது. ஆகவே பழுது ஏற்பட்டது, தேவாங்குக் கிளை பிரிந்த பிறகு, குரங்குகளும் நாமும் பிரிவதற்கு முன்பு. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது கணிப்பு. பழம் தின்று வாழ்ந்த மூதாதைக்கு அந்த இழப்பு உறைத்திருக்காது.

இனிப் பின்வரிசைப் பையனுக்குப் பதில் சொல்லலாம். நாட்டுக்குரங்கு நமக்குப் பாட்டன் முறை இல்லை, பங்காளி முறை. ஏறத்தாழ 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரிந்த குடும்பம். நாம் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம் என்பதற்காகப் பங்காளி வீட்டில் ஆளில்லாமல் போய்விடுமா? அவர்களும் அதே காலம் முழுக்க மாறிக்கொண்டே வந்தவர்கள்தான். தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கு அப்படி உருவானதுதான். பிரிவினைக்கு முந்தைய பத்திரம் இருவர் வீட்டிலும் இருக்கிறது, ஒரே கிழிசலோடு.

பாடம் புரிந்ததா என்று பார்க்க அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேட்கலாம்: கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி தயாரிக்க வராது. அதன் குலோ மரபணுவும் உடைந்ததுதான், ஆனால் நம்முடையதைப் போலன்றி வேறு விதமாக. குரங்கோடு நம் உறவைக் காட்டும் இந்தக் குறை, கினிப்பன்றியை ஏன் நம் பங்காளியாக்கவில்லை? மாணவர்களின் விடைகளை, தவறானவற்றையும் சேர்த்தே, எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.