வழியோரத்து வீட்டாரும் யாத்திரிகரே

"ஸ்பெயின் தேசத்துக்குப் போய்ச் சந்தியாகப்பர் கல்லறையைத் தரிசிக்க நமக்கு வசதி ஏது, டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால், யாத்திரை என்பது போய்ச் சேருவது மட்டும்தானா?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. இயேசுவின் சீடரான புனித பெரிய யாகப்பரின் கல்லறை அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது என்பது பாரம்பரியம். சந்தியாகப்பர் என்று தமிழ் மக்கள் கொண்டாடுபவரும் அவரே. பிரான்சு எல்லையிலிருந்து புறப்படுவோர் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நடந்து செல்வோர் யாத்திரைச் சான்றிதழ் பெறக் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். எனினும் அந்தப் பாதையை வாழவைத்தவர்கள் நடந்தவர்கள் மட்டுமல்லர். வழிநெடுக மடங்களும் சத்திரங்களும் கிராமத்தாரும் படுக்கையும் ரொட்டியும் மருந்தும் கொடுத்துக் காத்திராவிட்டால், மலைகளைக் கடந்து யார் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

நமது வேளாங்கண்ணியையே பாருங்கள். 1962-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அதைப் பேராலயமாக உயர்த்தினார். அத்தகைய திருத்தலத்தின் கதை எங்கே தொடங்குகிறது? நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவனிடம். குளக்கரையில் கைக்குழந்தையோடு வந்து பால் கேட்ட அன்னை யாரென்றுகூட அவனுக்குத் தெரியாது. எஜமானர் கோபிப்பாரே என்று அஞ்சினாலும் கொடுத்தான். குறைந்த பால் குடத்தில் நிரம்பி வழிந்தது என்பது நம் முன்னோர் சொல்லி வரும் வரலாறு.

இதை வகுப்பில் பலமுறை சொன்ன நானே ஒருமுறை தவறினேன். சேலம் சாலையோரத்தில் நாங்கள் குடியிருந்த நாட்கள் அவை. குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். ஓர் ஆகஸ்டு மாதத்து நண்பகலில், காவிச் சேலை உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோன ஒரு தாய் என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். வீட்டில் இருந்ததோ ஒரே குடம். நான் தயங்கி நின்றேன். அதற்குள் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு சொம்பு மோருடன் வந்துவிட்டார். அவர் கோயிலுக்குப் போகிறவர். நமது ஆலயத்தில் காலடி வைத்தவர் அல்லர். அன்று யாத்திரையின் பலன் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

பேருந்தில் போவது குற்றமல்ல. முதியோரும் நோயாளிகளும் வேறெப்படிப் போவார்கள்? ஆனால் அடுப்பு முதல் தண்ணீர்வரை அனைத்தையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, வழியில் ஒருவரிடமும் பெறாமல், ஒருவருக்கும் கொடுக்காமல் போய்வருவது வெறும் சுற்றுலாவே என்பது என் கருத்து.

மாணவியரே, பெற்றோரே! வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-இல் கொடியேறும். அதற்கு முந்தைய நாட்களில் நம் தர்மபுரி வழியாகக் கால் கொப்புளிக்க நடப்பவர்களைக் காண்பீர்கள். வாசலில் ஒரு மண்பானையும் ஒரு குவளையும் வையுங்கள். ஸ்பெயினுக்குப் போக வசதி இல்லையே என்று கேட்ட மகளுக்கு என் பதிலும் அதுவே.