அரசரைத் தேர்ந்தெடுக்கும் நால்வர்

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைச்சாலையில் ஏறி இறங்கினால் கோலா கிளாவாங் வருகிறது. ஜெலுபு மாவட்டத்தின் தலைமைப் பட்டணம் இது. ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம்மவர்களுக்குப் பழகிய ஊர். ஆனால், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற நால்வரில் ஒருவர் ஜெலுபுவின் தலைவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இந்த மாநிலத்தில் சுல்தான் இல்லை. அரசருக்கு யாங் டி பெர்துவான் பெசார் என்று பெயர். தந்தை இறந்ததும் மகன் தானாக அரியணை ஏறுவது இங்கே வழக்கமில்லை. அதற்குக் காரணம் மக்கள் இங்கே குடியேறிய விதத்தில் இருக்கிறது.

சுமத்ராவின் மினாங்கபாவு பகுதியிலிருந்து வந்த மக்கள் முதலில் அமைத்தது ஓர் அரசை அல்ல. தனித்தனி லுவாக்குகளை அமைத்தார்கள். லுவாக் என்பது ஒரு தலைவரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி. அந்தத் தலைவர் உண்டாங். உண்டாங்குகளுக்கு மேலே பொதுவாக ஓர் அரசர் வேண்டும் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது. அவரைத் தங்களுக்குள் தேடாமல், மூதாதையர் நாடான பாகாருயோங்கிலிருந்து அழைத்து வந்தார்கள். அப்படி வந்த ராஜா மெலேவார் 1773இல் அரசரானார். அவருக்குப் பின் ராஜா ஹீத்தாம், ராஜா லெங்காங் ஆகிய இருவரும் சுமத்ராவிலிருந்தே வந்தார்கள். லெங்காங்கின் மகன் ராஜா ராடின் அரசரான பிறகுதான் அரச வம்சம் இந்த மண்ணில் வேரூன்றியது. ஜெலுபுவுக்கோ 19ஆம் நூற்றாண்டில் தனியே ஒரு யாம்துவான், அதாவது அரசர், இருந்தார். 1898இல்தான் ஜெலுபு உட்பட நான்கு லுவாக்குகளும் அரச பீடமான ஸ்ரீ மெனாந்தியின் துவாங்கு முகமதுவை மாநிலம் முழுமைக்கும் அரசராக ஏற்றன.

இன்று அரசராகத் தகுதியுடையவர் ராஜா ராடினின் வழித்தோன்றலாக, மலாய் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும். இது தந்தை வழி மரபு. ஆனால் தகுதி இருந்தால் மட்டும் அரியணை கிடைத்துவிடாது. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவு ஆகிய நான்கு லுவாக்குகளின் உண்டாங்குகள் கூடி, தகுதியுள்ளவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் எவரும் தாமே அரசராக முடியாது.

உண்டாங் எப்படி வருகிறார்? அங்கே செயல்படுவது அடாட் பெர்பாத்தே, அதாவது தாய்வழி மரபுச் சட்டம். பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. குலப்பெயரும் தாயைத் தொட்டே வருகிறது. பதவியில் அமர்வது ஆண்தான். ஆனால் அவருக்கு அந்தத் தகுதி தாயின் குடும்பத்தால் வருகிறது. எனவே உண்டாங்கின் மகன் உண்டாங் ஆவதில்லை. தகுதி அவருடைய சகோதரியின் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது. ஜெலுபுவில் வாரிஸ் எனப்படும் வாரிசுக் குடும்பங்கள் மூன்று: உலு ஜெலுபு, சாரின், கெமின். இவற்றிலிருந்து வருபவரை லெம்பாகா எனப்படும் குலத்தலைவர்கள் ஏற்க வேண்டும். ஆக, அரசர் தந்தை வழியில் வருகிறார், அரசரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தாய் வழியில் வருகிறார்கள். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட முறை அல்ல. 1967இல் துவாங்கு முனாவிர் காலமானபோது அவருடைய மகன் முஹ்ரிஸுக்கு வயது 19. உண்டாங்குகள் முனாவிரின் சகோதரர் துவாங்கு ஜாபாரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 41 ஆண்டுகள் அரசராக இருந்தார். 2008 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவருடைய மகன்கள் இருந்தும், துவாங்கு முஹ்ரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பழைய இங்கிலாந்திலும் இதை ஒத்த நிலை இருந்தது. ஆங்கிலோ சாக்சன் அரசுகளில் ஒன்றான வெசெக்ஸின் மன்னர்கள் தங்களைச் செர்டிக் என்பவரின் வம்சம் என்றார்கள். வம்சத்தில் பிறந்தவரே மன்னராகலாம். ஆனால் பெருந்தலைவர்களின் ஒப்புதலும் வேண்டும். 871இல் மன்னர் எதெல்ரெட் இறந்தபோது அவருடைய மகன்கள் சிறுவர்கள். டேனியர் படையெடுப்பு உச்சத்தில் இருந்தது. தம்பி ஆல்ஃபிரட் மன்னரானார். 899இல் ஆல்ஃபிரட் மறைந்ததும் அண்ணன் மகன் எதெல்வோல்ட் அரியணை கேட்டுக் கிளர்ந்தெழுந்து, சில ஆண்டுகளில் போரில் மாண்டான். நெகிரி செம்பிலானில் அண்ணன் மகனுக்கு அரியணை அமைதியாகத் திரும்பியது. வெசெக்ஸில் வாளெடுத்தும் கிடைக்கவில்லை. காலமும் சூழலும் வேறு என்றாலும், இங்கே எல்லோரும் ஏற்கும் தேர்வாளர்கள் யார் என்பது முன்பே முடிவாகியிருப்பது பெரிய வேறுபாடு.

குறைகளும் உண்டு. பொதுமக்களுக்கு இதில் வாக்கு இல்லை. உண்டாங் பதவிக்கு உரியவர் யார் என்பதிலேயே குடும்பங்களுக்கிடையே வழக்குகள் எழுந்ததுண்டு. இருந்தாலும், அதிகாரத்தைக் கொடுப்பவரையும் பெறுபவரையும் பிரித்து வைத்த இந்த ஏற்பாடு கவனத்துக்கு உரியது என்றே நினைக்கிறேன். மலேசியக் கூட்டரசு அரசமைப்பும் இதை ஏற்றிருக்கிறது: நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர் என்றால், தம் சார்பிலும் ஆளும் தலைவர்களான உண்டாங்குகளின் சார்பிலும் செயல்படும் யாங் டி பெர்துவான் பெசார் என்பதே அதன் விளக்கம். 1957இல் மலாய் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுத்தபோது, முதலில் அமர்ந்தவரும் இந்த மாநிலத்தின் துவாங்கு அப்துல் ரஹ்மான்தான். ரிங்கிட் நோட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் முகம் அவருடையது.