தமிழில் பார்த்தால் ரசிகன் இல்லையா?



சில படங்கள் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதில்லை. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ அப்படிப்பட்ட படம். 2025 ஜூலை 18-ம் தேதி ஜப்பானிலும், செப்டம்பர் 12-ம் தேதி இந்தியாவிலும் வெளியான அனிமேஷன் படம் இது. பேட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு திரும்பும் மாணவர்களும், டவுனுக்குப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவர்களும் பேசித் தீர்த்தார்கள். பேச்சு நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது.

“ஏலே, தமிழ்லயா பாத்த? அப்ப நீ பாக்கவே இல்லல!”

இந்த வாரம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம் கதை. மலையில் கரி விற்றுப் பிழைக்கும் டான்ஜிரோ என்ற பையன். ஒருநாள் வீடு திரும்பும்போது அவன் குடும்பத்தை ஓர் அரக்கன் கொன்று போட்டிருக்கிறான். உயிர் பிழைத்த தங்கை நெசுகோ மட்டும் அரக்கியாக மாறி விடுகிறாள். அவளை மறுபடி மனுஷியாக மாற்ற வழி தேடுகிறான் அண்ணன். அதற்காகவே வாள் பழகுகிறான். கொயோஹாரு கோதோகே என்ற ஓவியர் 2016 முதல் 2020 வரை ஒரு வார இதழில் சித்திரக் கதையாக வரைந்தது இது. ஜப்பானில் சித்திரக் கதைக்கு ‘மாங்கா’ என்று பெயர். (உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்னும் மாங்கா இல்லை!) மொத்தம் 23 தொகுதிகள். 2019-ல் டி.வி. தொடராக வந்தது. அந்தத் தொடரின் கடைசிப் பகுதியை மூன்று படங்களாக எடுக்கிறார்கள். அதில் முதல் படம்தான் நாம் பேசுவது. இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள்!

இந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் ஒரே மாதிரி பேசவில்லை. அறைகள் தலைகீழாகப் புரளும் அந்த மாயக் கோட்டையைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் உண்டு. “சண்டை சூடு பிடிக்கும்போது பழைய கதைக்குப் போய் விடுகிறார்கள், இழுக்கிறது” என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. “அந்தப் பழைய கதைதான் படத்துக்கே உயிர். அரக்கனைப் பார்த்துக் கூட அழுதேன்” என்பவர்களும் உண்டு. டி.வி. தொடரைப் பார்க்காமல் போனவர்கள், யார் யாரோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று தெரியாமல் விழித்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தும் கதை முடியவில்லையே என்று சிலருக்கு ஏமாற்றம்.

இவை எல்லாமே நல்ல கருத்துகள். ஏன் என்றால், ஒவ்வொன்றும் படத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் “தமிழில் பார்த்தவன் ரசிகனே இல்லை” என்பது படத்தைப் பற்றிய கருத்தா? இல்லை. பார்த்த பையனைப் பற்றிய கருத்து. அவனை வாயடைக்கச் செய்யும் கருத்து. வித்தியாசம் புரிகிறதா?

இந்தியாவில் இந்தப் படம் ஜப்பானிய மொழியில் ஆங்கில எழுத்துகளோடும் ஓடியது. தமிழ், ஹிந்தி, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் டப்பிங் செய்யப்பட்டும் ஓடியது. ஜப்பானிய மொழியில் பார்ப்பவர்கள் சொல்லும் காரணத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். டான்ஜிரோவுக்குக் குரல் கொடுப்பவர் நட்சுகி ஹனாயே என்ற நடிகர். டி.வி. தொடர் தொடங்கிய 2019-ல் இருந்து அவர்தான் பேசுகிறார். மூச்சு வாங்குவது, விம்முவது, கத்துவது எல்லாம் அந்த முகத்தோடு ஒட்டிப் போய் விட்டது. இயக்குநர் ஹருவோ சொடோசாகி நினைத்த குரலும் அதுதான். ஆகவே மூலக் குரலில் பார்க்க ஆசைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை மடமடவென்று படிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அண்ணனால் முடியலாம். நான்காம் வகுப்புத் தம்பிக்கு ஒரு வரி படித்து முடிப்பதற்குள் இரண்டு வெட்டு விழுந்திருக்கும்! எழுத்தைப் பார்த்தால் படம் போச்சு. படத்தைப் பார்த்தால் கதை போச்சு. வேகமாக ஆங்கிலம் படிக்க வராத பிள்ளை இந்தப் படத்துக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும் அல்லவா? தமிழ் டப்பிங்தான் அந்த வாசல். அதன் வழியாக வந்தவனைப் பார்த்து “நீ வரவே இல்லை” என்று சொன்னால் எப்படி?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் வாக்கிய அமைப்பில் நல்ல ஒற்றுமை உண்டு. ‘நான் சோற்றை உண்கிறேன்’ என்பதை ஜப்பானில் ‘வதாஷி வா கோஹன் ஓ தபேமஸ்’ என்பார்கள். ‘வதாஷி’ நான். ‘கோஹன்’ சோறு. அடுத்து வரும் ‘ஓ’ நம் ‘ஐ’ வேற்றுமை உருபு போல. கடைசியில் வினைச்சொல். அப்படியே நம் வரிசை! ஆங்கிலத்தில் ‘உண்கிறேன்’ நடுவில் வந்து, ‘சோறு’ கடைசிக்குப் போய் விடும்.

உறவு முறையைப் பாருங்கள். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல், அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று என்று நம்மைப் போலவே ஜப்பானியரும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அண்ணனும் ‘பிரதர்’, தம்பியும் ‘பிரதர்’தான். இது அண்ணன்-தங்கை கதை. தங்கை ‘அண்ணா’ என்று கூப்பிடும் அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பாசம்! அதைச் சொல்லத் தமிழுக்குச் சொல் இருக்கிறது. அப்படி இருக்கும்போது, ஆங்கில எழுத்தைப் படித்தவன் உயர்ந்த ரசிகன், தமிழில் கேட்டவன் மட்டம் என்பது என்ன நியாயம்?

டப்பிங் என்பது சுலபமான வேலையும் இல்லை. படம் முன்பே வரைந்து முடிந்து விட்டது. வாய் எத்தனை தடவை திறக்கிறதோ அதற்குள் பேச்சை அடக்க வேண்டும். ஜப்பானியர் நன்றி சொல்லும்போது ‘அரிகாதோ’ என்பார்கள். நம் ‘நன்றி’ அதை விடச் சின்னது. வெறும் ‘நன்றி’ என்று போட்டால் வாய் அசையும், சத்தம் வராது. ‘ரொம்ப நன்றி’ என்றால் பொருந்தலாம். இப்படி ஒவ்வொரு வரிக்கும் யோசித்து எழுதுகிறவர் ஒருவர். அதைக் கோபமாகவும் அழுகையாகவும் பேசுகிறவர்கள் பலர். அவர்கள் முகம் நமக்குத் தெரிவதே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். பேட்டையில் இருக்கிறதே ம.தி.தா. இந்துக் கல்லூரி, அந்தக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. பட்டம் பெற்றவர்தான் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன். பெரிய வகுப்புக்குப் போனதும் அவர் கதைகளைப் படிப்பீர்கள். சொந்தமாகக் கதை எழுதியதோடு, பல நாட்டுக் கதைகளையும் அவர் தமிழில் மொழிபெயர்த்தார். அந்தந்த நாட்டு மொழிகளையெல்லாம் கற்று விட்டா மொழிபெயர்த்தார்? ஆங்கிலம் வழியாகப் படித்து நமக்குத் தந்தார். வெளிநாட்டுக் கதையை எடுத்து, பேரை மாற்றி, தன் சரக்கு போல எழுதும் ‘தழுவல்’ வேலையை அவர் கண்டித்தார். யார் கதை என்பதைச் சொல்லி, அதை அதுவாகவே மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல டப்பிங்கும் அப்படித்தான். டான்ஜிரோ டான்ஜிரோவாகவே இருக்கிறான். பேச்சு மட்டும் நமக்குப் புரிகிறது.

அனிமேஷனுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் தோற்பாவைக் கூத்து நடக்கும். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவார்கள். ராமாயணத்தைப் பத்து இரவு வரைக்கும் தொடராக நடத்துவார்கள். இன்றைக்குச் சீசன், எபிசோட் என்கிறோமே, அது போல! ஒரே கலைஞர் ராமனாகவும் பேசுவார், ராவணனாகவும் பேசுவார். நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் வந்து நம் ஊர்ப் பேச்சில் அடிக்கும் கூத்துக்குச் சிரிப்பு தாங்காது. இந்தக் கூத்தைக் காலம் காலமாக நடத்தி வரும் குடும்பங்களின் வீட்டு மொழி மராத்தி. கதையோ வால்மீகி சமஸ்கிருதத்தில் சொன்னது. கம்பர் தமிழில் பாடியது. மராத்தி பேசும் கலைஞர் தமிழில் ராமாயணம் நடத்த, நம் தாத்தா பாட்டிமார் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. யூகோ சாகோ என்ற ஜப்பானியருக்கு நம் ராமாயணத்தின் மேல் தீராத ஆசை. நம் நாட்டின் ராம் மோகனோடு சேர்ந்து அதை அனிமேஷன் படமாக எடுத்தார். கணினி அல்ல, கையால் வரைந்த படங்கள். 1993-ல் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. 2025 ஜனவரி 24-ல் புதுப்பொலிவோடு மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது, தமிழிலும் வந்தது. அந்தப் படத்தின் மூல வசனம் எந்த மொழி தெரியுமா? ஆங்கிலம்! ஜப்பானியர் முன்நின்று எடுத்த நம் கதை, ஆங்கிலத்தில் பேசி, பிறகு தமிழில் பேசியது. இதில் யார் உண்மை ரசிகன், யார் போலி ரசிகன் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? கதைகள் ஊர் விட்டு ஊர் போகும். போகிற இடத்து மொழியைப் பேசும். அதுதான் கதையின் குணம்.

அதற்காக எல்லாத் தமிழ் டப்பிங்கையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. மோசமான டப்பிங் உண்டு. அழ வேண்டிய இடத்தில் செய்தி வாசிப்பது போலப் பேசினால் குறை சொல்லத்தான் வேண்டும். ஏட்டுத் தமிழும் கொச்சைத் தமிழும் ஒரே வாய்க்குள் மாறி மாறி வந்தால் சொல்லத்தான் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் நல்ல டப்பிங்கைக் கண்டால் கொண்டாடுவார்கள். 2007-ல் தொடங்கிய சுட்டி டி.வி.யில் தமிழ் பேசிய ஜாக்கி சானை இன்றைய இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள்! நல்லதை நல்லது என்றும், கெட்டதைக் கெட்டது என்றும் சொன்னால்தான் அடுத்த படத்துக்கு இன்னும் கவனமாக வேலை செய்வார்கள்.

ஆகவே கருத்துச் சொல்லும் முன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: நான் சொல்வது படத்தைப் பற்றியா, ஆளைப் பற்றியா? ஆளைப் பற்றி என்றால் அதை விட்டு விடுங்கள்.

இரண்டு: எந்த இடம், என்ன காரணம்? ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ‘இந்த இடத்தில் சண்டையை நிறுத்திப் பழைய கதை சொன்னது நீளம்’ என்று சொல்ல, படத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

மூன்று: எனக்குப் பிடிக்கவில்லையா, அல்லது அது சரியாகச் செய்யப்படவில்லையா? நம் ஊர்ச் சொதி பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அதனால் சொதி கெட்டுப் போன குழம்பு ஆகி விடாது!

பார்க்காதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் படத்தில் ரத்தமும் தலை வெட்டும் நிறையவே உண்டு. கார்ட்டூன் போல இருக்கிறது என்பதால் எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கான படம் ஆகி விடாது. 2024 நவம்பர் முதல் நம் தணிக்கை வாரியம், பெரியவர் துணையோடு பார்க்கும் படங்களுக்கு 7+, 13+, 16+ என்று வயது போட்டுச் சான்றிதழ் தருகிறது. எந்தப் படத்துக்குப் போனாலும் அப்பா, அம்மாவோடு சேர்ந்து அதைப் பாருங்கள். “இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்” என்று வீட்டில் சொன்னால் அது அவமானம் இல்லை. படம் எங்கும் ஓடிப் போகாது. பார்த்த அண்ணன்மாரே, அக்காமாரே, அதுவரை முடிவைச் சொல்லித் தொலைக்காதீர்கள்!

தமிழில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன். தங்கையைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து திரிந்த அந்த அண்ணனுக்காக நீங்கள் அழுதீர்களா? அவன் ஜெயிக்க வேண்டும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்களா? அப்படியானால் நீங்கள் ரசிகர்தான். அதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டாம். உங்கள் கருத்தையும் காரணத்தோடு, தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். நீங்கள் தமிழில் பார்த்த ஏதாவது ஒரு கார்ட்டூனில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தமிழ்ப் பேச்சு எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை, நீங்கள் எழுதினால் அந்த வரியை எப்படி எழுதுவீர்கள் என்று நாலே வரியில் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். யார் கண்டது? நாளைக்கு நல்ல தமிழ் வசனம் எழுதப் போகும் ஒருவர் பேட்டையில் ஏதோ ஒரு வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்!

அன்புடன்,
ஆசிரியர்