துண்டு வீசியவர் மட்டும்தான் திருவிழா நடத்தினாரா?

கோடையில் பொன்னமராவதி, இலுப்பூர் பக்கம் கண்மாயில் தண்ணீர் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார், கூட்டம் இறங்கும், மறுநாள் பேப்பரில் போட்டோ. சரி, கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டது யார்? திருட்டு வலை விழாமல் ராத்திரி காவல் கிடந்தது யார்? (போட்டோவில் அவர்கள் இல்லை!)

ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் பின்னிய கூடை. அடிவாய் அகலம், மேல்வாய் சிறிசு. சேற்றில் கவிழ்த்து, மேலே கைவிட்டுத் துழாவினால் ஒன்றிரண்டு மீன் சிக்கும். நைலான் வலையோ குஞ்சோடு வாரிவிடும். எல்லாருக்கும் பொது என்று தண்டோரா போட்டுவிட்டு வலைக்காரனை முன்னால் இறக்கினால், ஊத்தாவோடு வந்த அப்பத்தாவுக்குக் குழம்புக்கு என்ன மிஞ்சும்? வலையைக் கரையிலேயே வாங்கி வைக்க நாலு ஆளை முதலில் நிறுத்துங்கள். மைக்செட், மாலை எல்லாம் அப்புறம்.