தச்சுத் தொழிலும் நம் மாணாக்கரும்

விழா மலர்களைப் புரட்டுமிடத்து வைத்தியர், எந்திரி, நியாயவாதி என நம் பழைய மாணவர் பெயர்கள் வரிசையாக வரக் காண்கின்றோம். அது தக்கதே. பட்டறையில் நிற்கும் பழைய மாணவனின் பெயரை மட்டும் எம்மலரிலும் கண்டிலேம்.

யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை நெடுங்காலம் ஒரு குலத்தார்க்கே உரியதாகக் கருதப்பட்டது. பிறர் பிள்ளை உளி பிடித்தால் ஊர் நகைத்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளிற் புகுத்திற்று. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. பெற்றோர் பலர் அதற்காக வருந்தினாரல்லர்.

கைவேலைதானே என்பார் ஒரு கதவைச் செய்து பார்க்கட்டும். மரம் உலரும்போது நீளப்பாட்டிற் சுருங்குவது மிகச் சிறிது. அகலப்பாட்டிற் சுருங்குவதே பெரிது. ஆதலின், சட்டத்தின் காடியிற் செருகும் பலகையைப் பசையிட்டு இறுக்காது, அசைய இடம்விட்டு வைக்கின்றான் தச்சன். இடம்விடாவிடில் மாரியிற் பலகை பருத்துச் சட்டத்தை நெகிழ்க்கும். கோடையிற் பலகையே வெடிக்கும். கூரைச் சரிவுக்குக் கைமரம் அளக்கப் பைதகரசு தேற்றம் வேண்டும். வகுப்பில் அதனைக் கண்டு அஞ்சியவன் கூரைமேல் அதனை விரும்பவுங்கூடும். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

அலுமினிய யன்னலும் தொழிற்சாலைப் பலகையும் வந்தபின் தச்சனுக்கு வேலை ஏது என்பாருமுளர். பழைய வீட்டின் கூரையைப் பழுதுபார்த்தலும், கோயில் வாகனமும் தேரும் அவற்றால் ஆகா.

வழியும் இன்று தெளிவாகவே உளது. தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5உம் 6உம் டிப்ளோமா. 7ஆவது பட்டத்துக்கு ஒப்பானது. பட்டறையிலேயே கற்றவனும் தன் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டுக்குட்பட்டுச் சான்றிதழ் பெறலாம்.

ஆயின் சான்றிதழ் உளியைத் தீட்டித் தராது. ஆசாரியார் ஒருவரிடம் சில ஆண்டுகள் நின்றேயாகவேண்டும். முதலிற் பட்டறை கூட்டல், பலகை தாங்கல். பின் உளி தீட்டல். சீவுளி கைக்கு வருவது அதன் பின்னரே. அக்காலத்துக் கூலி சொற்பம். குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவரை பொறுக்கமாட்டான். உடனே கூலி தரும் வேலைக்கோ, கடல் கடந்தோ போய்விடுவான். பயின்று முடித்தவனுக்கும் ஆயுதம் வாங்கக் கைம்முதல் இராது. குலப்பெருமை பேசுவார் வாயை அடைப்பதினும் இவ்விடரைத் தீர்ப்பது எளிது.

பல்கலைக்கழகம் புகுவோர்க்குப் பழைய மாணவர் சங்கத்தார் உதவுபணம் வழங்குவதை நாம் குறைகூறோம். அந்நிதியின் ஒரு கூறு பட்டறையிற் பயிலும் நம் மாணாக்கனுக்கும் மாதந்தோறும் செல்லட்டும். பயிற்சி முடிந்ததும் வாள், சீவுளி, உளிகள் அடங்கிய பெட்டியொன்று அவனுக்குக் கொடுபடட்டும். கல்லூரிக்கு வேண்டிய வாங்குகளையும் மேசைகளையும் அவனிடமே செய்விக்கலாம். கடை விலையினும் சற்றுக் கூடும். அதன்பொருட்டு எதிர்ப்பெழும் என்பதும் அறிவோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகவே கொணர எண்ணியுள்ளோம்.