திராட்சைக்கு லேப் உண்டு, மருந்து அடிக்கிறவருக்கு?

நாசிக், புனே பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டில் ஜனவரி பிறந்தால் ஏப்ரல் வரை திராட்சைக்குக் குறைவே இருக்காது. தள்ளுவண்டியில் இரண்டு கிலோ வாங்கி, உப்புத் தண்ணீரில் அலசி, பிள்ளைகளுக்கு டப்பாவில் போட்டு அனுப்புவோம். அதே ஊரில் காய்த்த இன்னொரு கொத்து நெதர்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ கப்பல் ஏறுகிறது. அந்தக் கொத்துக்கு நடக்கிற சோதனைகளைப் பார்த்தால், நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டோம் :-)

நான் பேங்க்காரன். படித்தது பி.காம். விவசாயத்துக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இருந்ததில்லை. ஆனால் திராட்சைத் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் கிளையில் உட்கார்ந்தால், பயிரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஃபைலில்கூட கையெழுத்துப் போட முடியாது. அப்படித் தெரிந்துகொண்டதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் நல்ல கதை. 2003ல் நம் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று ஐரோப்பாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகுதான் எச்சக் கண்காணிப்புத் திட்டம் வந்தது. புனே அருகே மாஞ்சரியில் இருக்கும் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் அதற்குத் தலைமை லேப். 2006ல் அபெடா நிறுவனம் 'கிரேப்நெட்' என்ற கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பதிவு எண். ஐரோப்பியக் கடையில் இருக்கும் பெட்டியை வைத்து, அது எந்தத் தோட்டத்துப் பழம் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம். லேப் ஆளே தோட்டத்துக்கு வந்து மாதிரி எடுப்பார். ரிப்போர்ட் சரியாக இருந்தால்தான் அந்தத் தோட்டத்துப் பழம் ஏற்றுமதிக்குப் போகும்.

அளவு எவ்வளவு தெரியுமா? தனியாக வரம்பு சொல்லப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் கணக்கில் சொன்னால் 100 டன் பழத்தில் ஒரு கிராம்.

இவ்வளவு இருந்தும் 2010ல் அடி விழுந்தது. கொடி இலையாக வளர்ந்துகொண்டே போகாமல் இருக்க, ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சித் தடுப்பானை அடிப்பது இங்கே வழக்கம். அதன் எச்சம் மாதங்கள் கழித்துப் பழத்தில் வந்து நின்றது. ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், நம் பழத்தில் அதைத் தாண்டியிருந்தது. நம் ஊர் சோதனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை! அந்த ஆண்டு சரக்கு அங்கே நிராகரிக்கப்பட்டு விவசாயிகள் பெரிய நஷ்டப்பட்டார்கள். அடுத்து என்ன நடந்தது? பட்டியல் திருத்தப்பட்டது. எந்த மருந்தை அடித்தால் அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பது இன்று சாதாரண தோட்டக்காரருக்கும் தெரியும். மாறினார்கள், ஏனென்றால் தப்பினால் பணம் போகும்.

இப்போது பழத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போம்.

நாசிக் திராட்சைக்கு வருடத்தில் இரண்டு கவாத்து, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. பிறகு கொத்தை மருந்துக் கரைசலில் முக்குவது, கத்தரியால் மணி கழிப்பது, அறுவடை. இதில் பெரும்பகுதி வேலையைச் செய்வது சுர்காணா, பேட் போன்ற மலைத் தாலுகாக்களிலிருந்து குடும்பத்தோடு வரும் ஆதிவாசிகள். பல இடங்களில் கூலி ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசப்படும். பணம் மேஸ்திரி கையில் (இங்கே முகாதம் என்பார்கள்). அவர் பிரித்துக் கொடுத்ததுதான் கணக்கு. மருந்து கலக்கிறவரும் டிராக்டரில் அடிக்கிறவரும் தனி. மே மாத வெயிலில் ரப்பர் கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நிற்க யாரால் முடியும்? கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை நடக்கிறது.

இதற்கெல்லாம் தரநிர்ணயம் இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய சூப்பர்மார்க்கெட்டுகள் கேட்கும் 'குளோபல் கேப்' சான்றிதழ் (2007 வரை இதன் பெயர் யூரெப்கேப்) பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது. கழிப்பறை, கை கழுவத் தண்ணீர் எல்லாம் கேட்கிறது. ஆனால் கழிப்பறை எந்தத் தலைப்பில் வருகிறது பாருங்கள். பழத்தின் சுகாதாரம்! எப்படியோ பெண்களுக்கு நல்லது நடந்தால் சரி. சம்பளச் சீட்டு, வேலை நேரம், சிறுவர்கள் வேலை செய்கிறார்களா என்பதையெல்லாம் பார்க்க 'கிராஸ்ப்' என்று தனியாக ஒரு இணைப்பு வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் கேட்டால்தான் அது. விவசாயிகள் குழுவாகச் சான்றிதழ் வாங்கினால், வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் பார்ப்பது மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். அதாவது 100 பேர் இருந்தால் 10 பேர் தோட்டம்.

நான் பார்த்த ஒரு கூலி ரெஜிஸ்டரில் பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. இருபது வருடமாக வவுச்சர் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தோட்டக்காரர் பெரியவர், நல்ல மனிதர், ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர். "என்ன காகா இது?" என்றேன். அவர் மறைக்கவில்லை. "சாஹேப், லேப் ரிப்போர்ட் தப்பானால் கன்டெய்னர் நிற்கும். ரெஜிஸ்டர் தப்பானால் என்ன நிற்கும்?" என்று கேட்டார்.

என் கருத்து முழுவதும் அவர் கேள்வியில் இருக்கிறது. பழத்துக்குச் சோதனை, ஆளுக்குக் காகிதம். ஒன்றில் தப்பினால் பணம் போகிறது, மற்றதில் போவதில்லை.

அவரை வில்லனாக்க நான் தயாரில்லை. அக்டோபரில் மழை பெய்தால் பூ போச்சு. பிப்ரவரியில் ஆலங்கட்டி விழுந்தால் எல்லாமே போச்சு. சான்றிதழ் செலவு அவர் தலையில்தான், அதற்காக விலை ஏறுவதில்லை. "இதெல்லாம் வெள்ளைக்காரன் நம் சரக்கை மடக்கப் போடும் தந்திரம்" என்று சிலர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சட்டம் அனுமதிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எச்சம் இருக்கக்கூடாது என்று கேட்கும் சூப்பர்மார்க்கெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சட்டத்தைவிடக் கடுமையாகக் கேட்டு வாங்க முடிகிறவர்களுக்கு, கூலியையும் அடிக்கிறவர் உடம்பையும் கேட்டு வாங்க முடியாதா? சாப்பிடுகிறவர் அவர்கள் ஊர்க்காரர், அடிக்கிறவர் நம் ஊர்க்காரர். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

1. மருந்து கலக்கிறவருக்கும் அடிக்கிறவருக்கும் சீசனுக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. கோலினெஸ்டரேஸ் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. எல்லா மருந்தையும் அது காட்டாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை உடம்பில் ஏறியிருந்தால் காட்டும். திராட்சைக்குப் பேர்போன கலிபோர்னியாவில் 1970களிலிருந்தே இது விதி. பழத்துக்கு லேப் செலவு செய்கிற தொழிலுக்கு இது பெரிய தொகையே அல்ல.

2. கூலி முகாதம் கையில் மொத்தமாகப் போகாமல் ஆளாளுக்கு அவரவர் கணக்கில் போக வேண்டும். 2014ல் தொடங்கிய ஜன்தன் கணக்கு நிறைய பேரிடம் இருக்கிறது. மனைவியின் கூலி கணவன் கணக்கில் போகக்கூடாது, அவள் பெயரிலேயே போக வேண்டும். பேங்க் பதிவைப் பின்னால் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுத முடியாது.

3. இந்த இரண்டையும் செய்கிறவருக்குப் பயிர்க்கடனில் கால் சதவீதமாவது வட்டி குறைக்கலாம். வாங்குகிற கம்பெனி பெட்டிக்கு ஒரு சிறு தொகை கூடக் கொடுக்கட்டும். காகாவின் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும். ஒழுங்காக இருந்தால் பணம் வரும், இல்லையென்றால் வராது.

ஐரோப்பா தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியில் இதற்கான சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் ஒரு சட்டம் போட்டது, 2025லேயே அதன் தேதியைத் தள்ளிவைத்துவிட்டது.

நம்மவர்களில் பலர் ஏற்றுமதி கம்பெனிகளில், ஷிப்பிங்கில், ஆடிட் நிறுவனங்களில் இருக்கிறீர்கள். அடுத்த சீசனில் உங்கள் மேஜைக்கு ஃபைல் வரும்போது, லேப் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் மருந்து அடித்தவரைப் பற்றி ஒரு தாளாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் என் கிளையில் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். நாலு பேர் கேட்டால் கேள்வி, நானூறு பேர் கேட்டால் அது விதி.