தைரியம் எங்கே விளைகிறது?

வேலை தேடும் இளைஞனுக்கு நம் நாட்டில் வேறெது கிடைக்காவிட்டாலும் உபதேசம் கிடைத்துவிடும். "தன்னம்பிக்கையோடு இரு" என்பார் ஒருவர். "மனம் தளராதே" என்பார் மற்றொருவர். வீட்டோடு ஒரு சிறு தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கும் பெண்மணிக்கும் இதே பிரசாதந்தான். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன்னம்பிக்கை என்பது, சொன்ன மாத்திரத்தில் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளும் அங்கவஸ்திரமா? அது எங்கே விளைகிறது, எதை உண்டு வளர்கிறது என்று விசாரிக்காமல், "கொண்டு வா" என்று மட்டும் கேட்பது நியாயமாகாது. இவ்வாரம் இதைப் பற்றியே நேயர்களுடன் சிறிது ஆலோசிக்க விரும்புகிறோம்.

முதலில், வேலையின்மை மனிதனை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா நகருக்கு அருகே, மாரியன்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நூற்பாலையை நம்பி வாழ்ந்துவந்தது. 1929-30-இல் அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா என்ற அம்மையாரும், பால் லாஸர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் ஸைஸல் என்ற இரு அறிஞர்களும் அவ்வூரின் நிலைமையை ஆராய்ந்து, 1933-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். வேலையில்லாதவருக்குப் பொழுது ஏராளமாகக் கிடைக்குமே, மக்கள் நிரம்பப் படித்திருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர்மாறு. ஊர் வாசகசாலையிலிருந்து மக்கள் எடுத்துச் சென்ற புத்தகங்களின் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோயிற்று. தெருவில் ஆண்களின் நடைகூட மந்தமாகிவிட்டது. வருமானம் நின்றதும் விருப்பங்களும் ஒவ்வொன்றாக அவிந்துபோயின.

ஆகவே, "பிள்ளை பகலெல்லாம் சோம்பிக் கிடக்கிறான், அதனால்தான் வேலை கிடைக்கவில்லை" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்கள் நோய் என்று காண்பது பல சமயங்களில் நோயின் குறியாகவே இருக்கும்.

இனி, மருந்து என்ன? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர் ஆல்பர்ட் பந்தூரா, 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். "இக்காரியம் நம்மால் ஆகும்" என்னும் எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறதாம். தானே ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது முதல் வழி. தன்னைப் போன்ற மற்றொருவர் செய்து முடிப்பதைக் காண்பது இரண்டாவது. பிறர் கூறும் ஊக்கமொழி மூன்றாவது. படபடப்பு, களைப்பு போன்ற உடல் நிலைகள் நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதே என்றும், வெறும் ஊக்கமொழியால் வந்த தைரியம் முதல் தோல்வியிலேயே கரைந்துவிடக் கூடும் என்றும் அவர் கருதினார். நாமோ மூன்றாவதை மட்டும் வாரி வழங்குகிறோம். முதலாவதற்குச் சந்தர்ப்பம் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இவ்வுண்மைக்கு அயல்நாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலைச் சாரலிலேயே அதற்குச் சாட்சி விளைகிறது. மரவள்ளிக் கிழங்கைத்தான் சொல்கிறோம். அக்கிழங்கிலிருந்தே, மலைக்கு அப்பாலுள்ள சேலம் ஜில்லாவின் ஆலைகள் நம் வீட்டுப் பாயசத்துக்கு ஜவ்வரிசி செய்து அனுப்புகின்றன. அத்தொழில் பிறந்த கதை கேட்கத் தக்கது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த சமயம். கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்குகள் தடைப்பட்டிருந்தன. சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த ஸ்ரீ மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தம் கேரளத்துக்குப் போய்வருவதுண்டு. 1943-இல் அங்கே, பினாங்கிலிருந்து வந்திருந்த ஸ்ரீ போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும். செட்டியாருக்குச் சேலத்துச் சந்தை தெரியும். இருவரும் சேர்ந்து, குடிசைத் தொழிலாக, மிக எளிய சாதனங்களைக் கொண்டு மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பின்னர், யந்திர வேலையில் வல்லவரான ஸ்ரீ வெங்கடாசலக் கவுண்டர் கருவிகளைத் திருத்தியமைக்க, உற்பத்தி பன்மடங்கு பெருகிற்று. 1944-இல் உணவுப் பஞ்சம் காரணமாக, கிழங்கை ஜவ்வரிசியாக்குவதற்குச் சேலம் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் அவரவர் வீட்டில் அமர்ந்து தலைவிதியை நொந்துகொள்ளவில்லை. ஒரு சங்கமாகக் கூடி, மேலதிகாரிகளிடம் முறையிட்டு, தடையை நீக்கிக்கொண்டார்கள். 1981-இல் அவர்களுக்கென்று 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கமே பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கருவாடு விற்றவருக்கு ஜவ்வரிசித் தொழிலில் தன்னம்பிக்கை முன்னதாகவே எப்படி இருந்திருக்க முடியும்? அவரிடம் இருந்தவை வேறு: தெரிந்த ஒரு சந்தை, தெரியாததைக் கற்பிக்க ஒரு கூட்டாளி, நஷ்டம் வந்தாலும் குடி முழுகிப்போகாத அளவுக்குச் சிறிய தொடக்கம். தைரியம் அவற்றின் பின்னே வந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அதே கிழங்கு, அதை விளைவிக்கும் குடியானவனுக்கு அதே தைரியத்தைத் தரக் காணோமே, ஏன்?

காரணத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கு எடை மட்டும் விலை நிர்ணயிப்பதில்லை. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று அளந்து, 'பாயிண்ட்' கணக்கிலும் விலை பேசுகிறார்கள். தோண்டிய கிழங்கோ இரண்டொரு நாளுக்கு மேல் தாங்காது, கெட ஆரம்பித்துவிடும். ஆலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே அளந்து சொல்லும் பாயிண்டை முதன்முதலாகக் கேட்கும் விவசாயி என்ன பேரம் பேச முடியும்? சரக்கைத் திருப்பிக் கொண்டுபோகவும் வழியில்லை. அவனிடம் போய், "தன்னம்பிக்கையோடு பேசு" என்று சொல்வது பரிகாசமாகும். தோண்டுவதற்கு முன்பே நாலு செடியைப் பிடுங்கி மாவுச்சத்தைச் சோதித்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆலைகளின் விலையை விசாரித்து, அக்கம்பக்கத்தார் நாலுபேர் ஒன்றுகூடிப் போனால், அதே மனிதன் நிமிர்ந்து பேசுவான். அவனுடைய சுபாவம் மாறிவிடவில்லை. அவன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

மலைமேல் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இலேயே வந்தது. கல்வராயன் மலையிலோ ஜாகீர்தார்களின் அதிகாரம் 1976 வரை நீடித்தது. பாடுபட்டவனுக்குப் பலன் சேரும் என்பதைக் கண்ணால் காணாமலே தலைமுறைகள் கழிந்தன. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாடு மறந்திராது. அதனையடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலைவாழ் மக்களின் நிலைமையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நேர்மையான பிழைப்புக்கு வழி தாமதமாக வரும் ஊரில், சாராயக்காரனும் தரகனும் முன்பணத்தோடு முதலில் வந்துவிடுகிறார்கள். சாலையும், பள்ளிக்கூடமும், நியாயமான சந்தையும் சர்க்கார் செய்து தீர வேண்டிய கடமைகள். அவற்றைச் செய்யாமல் மலைமக்களுக்கு ஊக்கப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை.

எனினும், அவை வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. புளியை எடுத்துக்கொள்வோம். மரத்திலிருக்கும்போதே முன்பணம் வாங்கிக்கொண்டு விற்றுவிட்டால், வியாபாரி சொன்னதே விலை. அப்புளியை உலர்த்தி, ஓட்டை உடைத்து, கோது களைந்து, கொட்டை நீக்கி விற்றால், அவ்வுழைப்பின் கூலியும் வீட்டுக்கே சேரும். கொட்டையும் வீணில்லை; அதன் பருப்பு மாவு நெசவுத் தொழிலில் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகிறது. முதல் வருஷமே எல்லா மரத்தையும் இப்படிச் செய்ய வேண்டாம். ஒரே ஒரு மரத்துக் காயை மாத்திரம் ஒதுக்கி, சுத்தம் செய்து, விற்று, வந்ததையும் போனதையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையே அக்கணக்கை எழுதலாம். அந்த நோட்டின் கடைசி வரியில் மிஞ்சும் தொகை சிறிதாயினும், அதிலிருந்து பிறக்கும் தைரியத்தை எந்தப் பிரசங்கியும் தர இயலாது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச் சிற்பிகளிடமும் இதே பாடத்தைக் காணலாம். அவர்கள் கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தெய்வத் திருமேனியைச் செதுக்கும் கை முதல் நாளே முகத்தைத் தொடுவதில்லை. உளி தீட்டுவதும், மரத்தை இழைப்பதும், கொடியும் இலையும் செதுக்குவதும் முதற்பாடங்கள். மூத்தவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து, தன் கையாலும் செய்து பழகிய பின்னரே கண் திறக்கும் வேலை வரும். பந்தூரா கூறிய முதல் இரண்டு வழிகளும் இந்தப் பட்டறைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இனி, உத்தியோகம் தேடும் படித்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் பரீட்சைக்குப் படிப்பது தவறன்று. ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இலவசமாக நடைபெறும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் சேர்ந்து படித்தால், தன்னைப் போன்றோரின் துணையும் கிட்டும். ஆனால் ஒரே பரீட்சையை நம்பி ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது, மாரியன்தால் மக்களின் நிலையை நாமே வரவழைத்துக்கொள்வதாகும். படிப்போடு கூட, நாளில் இரண்டு மணி நேரமாவது பிறருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்யுங்கள்: அரிசி ஆலையில் கணக்கு எழுதலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், கடையில் நின்று சரக்குக் கொள்முதலைக் கற்கலாம். நேர்முகத் தேர்வில் தோற்றுத் திரும்பினால், "நான் உதவாதவன்" என்று முடிவு கட்டாமல், கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் அன்றிரவே குறித்துவையுங்கள். அடுத்த தேர்வுக்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரை எதிரே அமரவைத்து, அதே கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

தொழில் தொடங்குவோர் கடனைத் தைரியமென்று எண்ணி மயங்கலாகாது. 2015-இல் ஆரம்பித்த முத்ரா திட்டத்தில் ஈடு கேட்பதில்லை. ஜில்லாத் தொழில் மையத்திலும் உதவி உண்டு. ஆயினும், முதலில் கையிலுள்ள சொற்பப் பணத்தில் செய்து பார்த்து, பத்துப் பேர் மறுபடியும் வந்து வாங்குகிறார்களா என்று அறிந்த பிறகே பாங்கியின் படியேறுவது நலம்.

பெண்மணிகள் விஷயத்தில் அண்டை ஜில்லாவான தர்மபுரி வழிகாட்டியிருக்கிறது. 1989-இல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதல் தொடங்கியது அங்கேதான். சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்து வாங்கி, தாங்களே கணக்கெழுதிய பின்னர்தான் அப்பெண்கள் பாங்கிக்குச் சென்றார்கள். பாங்கி அதிகாரியின் முன் நாற்காலியில் அமர்ந்து பேசும் தைரியம், குழுக் கூட்டத்தில் கையெழுத்திட்டுப் பழகிய கைக்குத் தானாக வந்தது.

இவற்றிலெல்லாம் குடும்பத்தின் பங்கு பெரிது. வீட்டில் வேலையற்றிருக்கும் மகனிடமோ மகளிடமோ இனி, "என்ன, ஏதாவது கிடைத்ததா?" என்று தினந்தோறும் கேட்பதை நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதில், முடிக்கக் கூடிய ஒரு காரியத்தைப் பொறுப்பாக ஒப்படையுங்கள். மாத மளிகைக் கணக்கானாலும் சரி, நிலத்துக் குத்தகைப் பேச்சானாலும் சரி, குறுக்கே புகுந்து திருத்தாமல் முழுவதும் விட்டுவிடுங்கள். நன்றாக முடித்தால், இன்னது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அப்போது உங்கள் ஊக்கமொழிக்கும் பொருள் உண்டாகும். ஏனெனில் அது நடந்த ஒன்றைப் பற்றியதாக இருக்கும்.

தேசம் விடுதலை பெற்றது 1947-இல். தன் உழைப்பின் கணக்கைத் தானே எழுதி, அதன் விலையைத் தானே பேசத் தெரிந்த குடும்பங்கள் பெருகப் பெருகத்தான் அவ்விடுதலை ஊர் ஊராகச் சென்று சேரும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கலாமே!